கடலூரிலிருந்து கலிபோர்னியா: எக்கானமி டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன்

டிக்கெட்டில் பயண நேரம் 23 மணி என்று போட்டிருக்கும். சென்னையில் விமானம் கிளம்புவதிலிருந்து எண்ணுகிற கணக்கு அது. கடலூர்க்காரருக்கோ மஞ்சக்குப்பத்தில் வீட்டைப் பூட்டும்போதே கணக்கு ஆரம்பித்துவிடுகிறது. மீனம்பாக்கத்துக்கு ஏறக்குறைய 180 கி.மீ.; காரில் நாலு, நாலரை மணி நேரம். மூன்றரை மணி நேரம் முன்னதாக டெர்மினலில் நிற்க வேண்டும். இறங்கிய ஊரில் இமிகிரேஷன் வரிசை, பெட்டி, வீடு போய்ச் சேர்வது என்று இன்னும் இரண்டு மணி நேரம். கூட்டினால் ஏறக்குறைய 33 மணி வருகிறது. புதுச்சேரியிலிருந்து கிளம்பினால் ஒரு மணி குறையலாம்.

இவ்வளவு நேரத்தில் பாதியை ஒரே நாற்காலியில்தான் கழிக்கப் போகிறோம். அதனால் "எந்த ஏர்லைன்ஸ் நல்லது?" என்ற கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். பயணம் எந்த ஊரில் உடைகிறது, நீளமான கட்டத்துக்கு எந்த ரக விமானம் வருகிறது, எல்லாம் ஒரே டிக்கெட்டா என்பவை அதற்கு முன்னால் நிற்கின்றன. ஒரே நிறுவனத்தின் இரண்டு விமானங்களுக்குள் இருக்கும் வித்தியாசம், சில சமயம் இரண்டு நிறுவனங்களுக்கு இடையே இருப்பதைவிட அதிகம்.

எங்கே உடைப்பது

அமெரிக்காவின் மேற்குக் கரைக்குச் சென்னையிலிருந்து நேர் விமானம் இல்லை. துபாய், தோஹா வழியாகப் போனால் முதல் கட்டம் நாலு முதல் ஐந்து மணி, அடுத்தது 16 மணி ஒரே மூச்சில். பிராங்க்ஃபர்ட் வழியாக என்றால் பத்தும் பதினொன்றரையும். லண்டன் வழியும் ஏறக்குறைய அப்படித்தான். ஹாங்காங் வழியில் ஐந்தரையும் பன்னிரண்டு பதின்மூன்றும். சிங்கப்பூர் வழியில் நாலும் பதினைந்து பதினாறும். திரும்பும்போது எதிர்க்காற்றில் அந்த நீளக் கட்டம் 17 மணியைத் தொடும். போகும் நேரத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பெங்களூரு போய் ஏறத் தயார் என்றால் டோக்கியோ வழி உண்டு: எட்டு ஒன்பது மணி, பிறகு ஒன்பது பத்து மணி. எல்லாவற்றிலும் சமமாக உடைவது இதுதான்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பது உடம்பைப் பொறுத்தது. கல்லூரிக்குப் போகிற பையன் பதினாறு மணியையும் தூங்கியே கழித்துவிடுவான். அவனுக்கு வளைகுடா வழியில் குறையில்லை. அறுபத்தைந்தைத் தாண்டி, மூட்டு வலியோ சர்க்கரையோ இருப்பவர்களுக்கு இரண்டு பத்து மணிக் கட்டங்கள் மேல். நடுவில் நிமிர்ந்து நடக்கலாம், முகம் கழுவலாம், கால் வீக்கம் வடியும்.

சென்னையிலிருந்து தூர தேசம் போகும் விமானங்களில் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் கிளம்புபவை. அதிகாலை மூன்றரைக்கு ஏறி நாலு மணி நேரம் பறந்தால், அதில் ஒரு மணி நேரம் சாப்பாட்டுத் தட்டோடு போய்விடும். மிஞ்சுவது அரைத் தூக்கம். அதே நேரத்தில் ஐரோப்பா விமானத்தில் ஏறியவருக்கு ஆறு மணி நேரமாவது தொடர்ச்சியாகக் கண் மூட வாய்ப்புண்டு. வயதானவர்களுக்கு இதை வைத்தே வழியை முடிவு செய்யலாம்.

இடையில் காத்திருக்கும் நேரம் இரண்டரை முதல் நாலு மணிக்குள் இருப்பது நல்லது. ஒரு மணி பத்து நிமிடத்திலும் டிக்கெட் விற்பார்கள், கம்ப்யூட்டர் அனுமதிக்கும். சென்னையில் நாற்பது நிமிடம் தாமதமானால் போதும், அடுத்த விமானத்தின் கதவு மூடியிருக்கும். நீங்கள் ஓடிப் பிடித்துவிட்டாலும் பெட்டி பிடிக்காது. எட்டு மணிக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தால் நிறுவனம் ஓட்டல் தருகிறதா என்று டிக்கெட் எடுக்கும் முன் கேளுங்கள். சில நிறுவனங்கள் தருகின்றன. அதற்குக் குறிப்பிட்ட கட்டண வகையில் எடுத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவுக்குள் இன்னொரு விமானம் மாற வேண்டுமென்றால் கணக்கு வேறு. முதலில் இறங்கும் அமெரிக்க நகரத்திலேயே இமிகிரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். பெட்டியில் கடைசி ஊர் வரை டேக் ஒட்டியிருந்தாலும் இதுதான் முறை. அங்கே மூன்று மணிக்குக் குறைந்து இடைவெளி வைக்காதீர்கள். அபுதாபி வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அமெரிக்க இமிகிரேஷன், கஸ்டம்ஸ் இரண்டையும் அபுதாபியிலேயே முடித்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் உள்நாட்டுப் பயணியைப் போல வெளியே வந்துவிடலாம். இங்கிலீஷில் அதிகாரியிடம் பேசத் தயங்கும் பெற்றோருக்கு, பதினான்கு மணி நேரக் களைப்பில் அந்த வரிசையில் நிற்பதைவிட ஏறும் முன்பே முடிப்பது எவ்வளவோ மேல்.

தனியாகப் போகும் அம்மாக்களுக்குச் சிங்கப்பூர் வழியைச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. தமிழ் அங்கே ஆட்சிமொழி. சாங்கியில் தமிழ் பேசும் ஊழியரைக் கண்டுபிடிப்பது சிரமமில்லை.

விசாவில் விழும் குழி

வளைகுடா நகரங்களிலும் சிங்கப்பூரிலும் ஒரே டிக்கெட்டில், வெளியே வராமல் விமானம் மாறுவதற்கு இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம். லண்டன் அப்படியில்லை, டிரான்சிட் விசா தேவை. செல்லுபடியாகும் அமெரிக்க, கனடா, ஆஸ்திரேலிய விசா இருந்தால் விலக்கு உண்டு. ஒரே பொது விசாவை வைத்திருக்கும் ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில், டிரான்சிட்டுக்கு ஆளுக்கொரு விதி, அடிக்கடி மாறுவதும்கூட. டிக்கெட்டுக்கு முன் அந்த நாட்டுத் தூதரகப் பக்கத்தைப் பார்த்துவிட வேண்டும். அதைவிடப் பெரிய குழி, ஒரே பயணத்தில் இரண்டு ஷெங்கன் விமான நிலையங்கள் வருவது. சென்னை–பிராங்க்ஃபர்ட்–பாரிஸ்–மாண்ட்ரியால் என்று மலிவாக ஒன்று தெரியும். பிராங்க்ஃபர்ட்டிலிருந்து பாரிஸ் போவது ஷெங்கனுக்குள் நுழைந்த கணக்கு. முழு விசா இல்லாவிட்டால் சென்னைக் கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள்.

புதுச்சேரியில் இது குடும்பத்துக்குள்ளேயே குழப்பம் தரும். பிள்ளைக்குப் பிரெஞ்சுப் பாஸ்போர்ட், கூடவே போகும் அத்தைக்கு இந்தியப் பாஸ்போர்ட் என்று இருக்கும் வீடுகள் ஏராளம். பிள்ளை தனக்குச் சரிப்பட்ட வழியில் எல்லோருக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுவிடுவார். சிக்குவது அத்தை.

பெயரைவிட ரகம் முக்கியம்

எக்கானமி நாற்காலியில் கவனிக்க வேண்டியவை இரண்டு அளவுகள். கைப்பிடிகளுக்கு நடுவில் உள்ள அகலம் ஒன்று. முன் சீட்டுக்கும் நம் சீட்டுக்குமான தூரம், அதாவது பிட்ச், மற்றொன்று. பிட்ச் பெரும்பாலும் 31, 32 அங்குலத்திலேயே நிற்கிறது. ஒல்லியான முதுகுச் சாய்வு வந்த பிறகு 31-லும் முழங்கால் இடிப்பது குறைந்திருக்கிறது. அகலத்தில்தான் நிஜ வித்தியாசம்.

போயிங் 777 முதலில் ஒரு வரிசைக்கு ஒன்பது பேர் உட்காரும் விதமாக ஓடியது. ஒருவருக்குப் பதினெட்டு அங்குலத்துக்கு மேல் கிடைத்தது. பிறகு பெரும்பாலான நிறுவனங்கள் அதே உடம்புக்குள் பத்தாவது சீட்டைச் செருகின. 3-4-3 வரிசை, ஒருவருக்குச் சுமார் 17 அங்குலம். பெரியவர்கள் இருவரின் தோளும் உரசாமல் இருக்க அது போதாது. போயிங் 787-இன் கதையும் இதுதான்: 2-4-2 என்று எட்டுப் பேருக்கு நினைத்ததில் ஒன்பது பேர், ஏறக்குறைய 17 அங்குலம். ஜப்பான் ஏர்லைன்ஸ் மட்டும் தன் வெளிநாட்டு 787-களில் இன்னும் எட்டுப் பேரோடு நிறுத்திக்கொண்டிருக்கிறது. மேலே சொன்ன டோக்கியோ வழிக்கு இது கூடுதல் காரணம். ஏர்பஸ் ஏ350-இல் ஒன்பது பேர் வரிசையில் பதினேழரை முதல் பதினெட்டு வரை. ஏ380-இல் பத்துப் பேர் இருந்தாலும் உடம்பே அகலம், அதனால் பதினெட்டு அளவில் கிடைக்கும். ஏ330-இல் 2-4-2, பதினெட்டை ஒட்டி. கணவன் மனைவி இருவர் மட்டும் போனால் ஏ330-இன் ஜன்னலோர ஜோடி சீட்டுக்கு ஈடு கிடையாது; மூன்றாம் ஆளைத் தாண்டிக் கழிவறை போகும் வேலை இல்லை.

787-க்கும் ஏ350-க்கும் இன்னொரு நன்மை கண்ணுக்குத் தெரியாது. உடம்பு கார்பன் இழைக் கலவையால் ஆனது என்பதால் உள்ளே காற்றழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்க முடிகிறது. பழைய விமானங்களில் உள் அழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல. இவற்றில் 6,000 அடி. அதாவது ஊட்டியைவிட உயரமான இடத்தில் உட்காருவதா, கொஞ்சம் தாழ்வாக உட்காருவதா என்ற வித்தியாசம். ஈரப்பதமும் சற்றுக் கூடுதல். தலைவலியும் தொண்டை வறட்சியும் குறைவதைப் பதினைந்து மணி நேரத்துக்குப் பிறகு உணரலாம். 787-இல் ஜன்னலுக்கு மூடி கிடையாது; பொத்தானால் கண்ணாடியை நிறம் மாற்றுவார்கள், வெயில் பக்கம் உட்கார்ந்தால் கொஞ்சம் சுடும்.

ரகத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். பதிவுப் பக்கத்தில் விமான எண்ணைத் தொட்டால் ஒரு குறி வரும்: 77டபிள்யூ என்றால் 777-300ஈஆர், 789 என்றால் 787-9, 359-உம் 351-உம் ஏ350, 388 என்றால் ஏ380, 333 என்றால் ஏ330. அதன் கீழே சின்ன எழுத்தில் யார் இயக்கும் விமானம் என்றும் இருக்கும். நீங்கள் பணம் கட்டிய நிறுவனம் ஒன்று, ஏறப்போகும் விமானம் கூட்டாளி நிறுவனத்துடையது என்பது சகஜம். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பும், முந்தின நாளும் மறுபடி பாருங்கள். ரகத்தை மாற்றிவிட்டால் நீங்கள் எடுத்த சீட் எண் அர்த்தமில்லாமல் போயிருக்கும். பணம் கட்டி வாங்கிய சீட்டாக இருந்தால் அப்போதே கூப்பிட்டுக் கேட்க வேண்டும். கவுண்டரில் கேட்டால் காலம் கடந்தது.

சீட் எடுப்பதில் சில விஷயங்கள். முன்னால் சுவர் இருக்கும் வரிசை கால் நீட்ட நன்றாக இருக்கும் என்று எல்லோரும் பாய்வார்கள். குழந்தைத் தொட்டில் மாட்டுவது அங்கேதான். மூன்று கைக்குழந்தைகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளலாம். சாப்பாட்டு மேசை கைப்பிடிக்குள் ஒளிந்திருப்பதால் சீட் அகலம் குறையும், கைப்பிடியும் தூக்க வராது. அவசர வழி வரிசை வயதானவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள். கடைசி வரிசை சாயாது, கழிவறை வரிசை தோளில் நிற்கும். ஆனால் பத்துப் பேர் உட்காரும் 777-இல் பின்னால் விமானம் ஒடுங்கும் சில வரிசைகளில் ஜன்னல் பக்கம் இரண்டே சீட் இருக்கும். வரைபடத்தில் தேடிப் பார்த்து எடுத்தால், கால் வைக்கவும் பை வைக்கவும் ஒரு சாண் கூடுதல் இடம். குலுக்கலுக்குப் பயப்படுபவர்களுக்கு இறக்கைக்கு மேலுள்ள வரிசைகள். சர்க்கரை நோயாளிக்கு நடைவழியோர ஐல் சீட். இதில் பேரம் வேண்டாம்.

சீட்டில் சார்ஜ் போடும் பிளக் இருக்கிறதா என்பதையும் இப்போது பார்க்க வேண்டியிருக்கிறது. பவர் பேங்கை எடுத்துப்போகலாம், கைப்பையில் மட்டும், 100 வாட்-ஹவர் வரை. ஆனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரலிலிருந்தும் எமிரேட்ஸ் 2025 அக்டோபரிலிருந்தும் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தத் தடை போட்டுவிட்டன.

ஒரே டிக்கெட், எடை, இழப்பீடு

சென்னை–மும்பை ஒரு நிறுவனத்தில் தனியாக, மும்பையிலிருந்து இன்னொன்றில் தனியாக என்று எடுத்தால் ஏழெட்டாயிரம் மிச்சமாகலாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் வராத பயணி மட்டுமே. புதிய டிக்கெட் உங்கள் செலவு. 2024 டிசம்பரிலிருந்து புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து பெங்களூருவுக்கும் ஹைதராபாத்துக்கும் சின்ன ஏடிஆர் விமானம் பறக்கிறது. சாலைப் பயணத்தைத் தவிர்க்கலாமே என்று ஆசை வரும். தனி டிக்கெட்டாக எடுத்தால் உள்நாட்டு வரம்பு வழக்கமாக 15 கிலோ. அமெரிக்கா போகிறவர் கையில் இரண்டு 23 கிலோ பெட்டி இருக்கும். மிச்சம் 31 கிலோவுக்குக் கட்டணம் கேட்பார்கள், அந்தச் சின்ன விமானத்தில் இடமும் இருக்க வேண்டும்.

எடையை நிறுவனப் பெயரை வைத்து நினைவில் வைக்காதீர்கள். கட்டண வகைதான் தீர்மானிக்கிறது. ஒரே விமானத்தில், ஒரே வரிசையில், பெட்டியே இல்லாத டிக்கெட்டும் இரண்டு பெட்டி டிக்கெட்டும் உட்கார்ந்திருக்கும். அமெரிக்கா, கனடாவுக்குப் பெட்டிக் கணக்கு, பிற பல இடங்களுக்குக் கிலோக் கணக்கு. இரண்டு டிக்கெட்டை ஒப்பிடும்போது பெட்டி, சீட் கட்டணம், இரவு தங்கல், மீனம்பாக்கம் வரை கார் எல்லாவற்றையும் கூட்டிய பிறகு ஒப்பிடுங்கள். மலிவானது பல தடவை இடம் மாறிவிடும்.

தாமத இழப்பீடு யாரும் யோசிக்காத அளவுகோல். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு 261-ஆம் விதிப்படி, 3,500 கி.மீ.க்கு மேற்பட்ட பயணத்தில் நான்கு மணிக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், தவறு நிறுவனத்துடையதாக இருக்கும்போது 600 யூரோ. எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பது பொருட்டல்ல. ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் எல்லா விமானத்துக்கும் இது உண்டு. ஐரோப்பாவுக்கு வரும்போது ஐரோப்பிய நிறுவனத்துக்கு மட்டும். ஆகவே சென்னையிலிருந்து பாரிஸுக்கு வளைகுடா நிறுவனத்தில் போனால் கிடையாது, அதே நிறுவனத்தில் பாரிஸிலிருந்து திரும்பினால் உண்டு. புயல், வான்வெளி மூடல் போன்றவற்றுக்குப் பணம் இல்லை. சாப்பாடும் தங்கலும் தர வேண்டும்.

வான்வெளியும் இப்போது ஒரு கணக்கு. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய நிறுவனங்களுக்கு மூடியதும் டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் சுற்றிப்போக வேண்டியதாயிற்று. அதே ஆண்டு ஜூன் 23 அன்று தோஹா வான்வெளி சில மணி நேரம் மூடப்பட்டது. பதற்றமான நாட்களில் டிக்கெட் எடுக்கும்போது, தினம் ஒரே ஒரு விமானம் விடும் நிறுவனத்தைவிட இரண்டு மூன்று விடும் நிறுவனத்தில் மாற்று இடம் சீக்கிரம் கிடைக்கும்.

பெட்டி வரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் புகார்ப் படிவம் வாங்கிவிடுங்கள். சேதத்துக்கு ஏழு நாள், தாமதத்துக்குப் பெட்டி கையில் கிடைத்ததிலிருந்து இருபத்தொரு நாள். எழுத்தில் கேட்க வேண்டும்.

சாப்பாடு

சைவம் என்று மட்டும் சொன்னால் வெந்த காய்கறியும் ரொட்டியும் வரலாம். ஏவிஎம்எல் என்ற குறியைக் கேளுங்கள். மசாலா சேர்த்த இந்தியச் சைவம். பால், நெய்யே வேண்டாம் என்பவர்களுக்கு விஜிஎம்எல். மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் என்பவர்களுக்கு எச்என்எம்எல். குறைந்தது 24 மணி நேரம் முன்பு பதிய வேண்டும், இரண்டு கட்டத்துக்கும் பதிவாகியிருக்கிறதா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கூட்டாளி நிறுவனத்தின் விமானத்தில்தான் இது வழக்கமாக விட்டுப்போகிறது. இன்சுலின் போடுபவர்கள் சாப்பாடு வரும் நேரத்தை நம்பாமல் கையில் பிஸ்கட்டோ இட்லியோ வைத்துக்கொள்ளுங்கள். மருந்து கைப்பையில், மருந்துச் சீட்டோடு.

ஊறுகாயும் நெய்யும் திரவக் கணக்கில் சேரும். கைப்பையில் வைத்தால் போய்விடும். அமெரிக்கா போகும் விமானத்தில் கைப்பையில் 350 மி.லி. அளவுக்கு மேல் பொடி இருந்தாலும் தடுக்கலாம். சாம்பார்ப் பொடி, சத்துமாவெல்லாம் பெரிய பெட்டிக்கு. ஐரோப்பாவுக்கு நெய், பால்கோவா, இறைச்சி எதுவும் கூடாது. கறிவேப்பிலையை அமெரிக்காவில் பிடுங்கிக்கொள்வார்கள். கொப்பரையை இங்கேயே எடுத்துவிடுவார்கள்.

சென்னை வரை

டிக்கெட்டில் 15-ஆம் தேதி 01.50 என்று இருந்தால் நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14-ஆம் தேதி மாலை. படித்தவர்களே 15-ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நிற்கிறார்கள். டிக்கெட் கைக்கு வந்ததும் காலண்டரில் கிளம்பும் நேரத்தைக் குறித்துவிடுவது இதற்கு மருந்து.

கடலூரிலிருந்து ஐந்தரை மணி நேரம், புதுச்சேரியிலிருந்து நாலரை மணி நேரம் சாலைக்கு ஒதுக்குங்கள். ஈசிஆரா, திண்டிவனம் வழியா என்பதை அன்றைய கிழமை சொல்லும். ஞாயிறு மாலை இரண்டுமே நெரிசல்தான். திண்டிவனம் வழியில் செங்கல்பட்டிலிருந்து பெருங்களத்தூர் வரை ஊர்ந்துதான் போக வேண்டும். நவம்பர், டிசம்பர் பயணத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே சென்னை போய்விடுவது உசிதம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலுக்காகச் சென்னை விமான நிலையத்தை மூடினார்கள். விமானம் மறுநாள் பறக்கத் தொடங்கிய பிறகும் தென்பெண்ணை வெள்ளத்தால் கடலூர்–புதுச்சேரி சாலை முடங்கியது. ஏர்லைன்ஸ் விமானத்தை மாற்றிக் கொடுக்கும். சாலை துண்டித்ததற்கு அது பொறுப்பில்லை.

திரும்பி வரும் டிக்கெட்டில் சென்னை சேரும் நேரத்தையும் பாருங்கள். இரவு இரண்டு மணிக்கு இறங்குவதும் காலை எட்டுக்கு இறங்குவதும் கட்டணத்தில் ஒன்றாக இருந்தால் எட்டு மணியை எடுங்கள். முப்பது மணி நேரம் தூங்காத பயணியும், பகலெல்லாம் வேறு சவாரி ஓட்டிவிட்டு வந்த டிரைவரும் விடியற்காலையில் மரக்காணம் பக்கம் இருட்டில் போய்க்கொண்டிருப்பார்கள். வேறு வழியே இல்லையென்றால் கார் சொல்லும்போதே பகலில் தூங்கிய டிரைவர் வேண்டும் என்று கேளுங்கள், முன் சீட்டில் கண் விழித்திருக்கக்கூடிய ஒருவரையும் ஊரிலிருந்து கூட வரச் சொல்லுங்கள்.